சேற்றுக் கிருமியும் சீனி வருத்தமும்: நுரையீரலுக்குள் நடப்பது என்ன?

பெரும்போகத்துக்காக வட்டைகளில் உழவு இயந்திரங்கள் இறங்கும் காலம் வந்தால் எனக்கு மாமாவின் நினைவு வந்துவிடும். உம்மாவின் மூத்த சகோதரர். அப்போது ஐம்பத்தெட்டு வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் கொடுக்கும் குளிசைகளை ஞாபகம் வந்தால் குடிப்பார். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாரி மழைக்குள் இரண்டு வாரம் வயலிலேயே நின்றார். வரம்பு கட்டுவது, வாய்க்கால் திருப்புவது, விதைப்புக்கு நிலத்தைச் சமப்படுத்துவது என்று ஓயாத வேலை. மூன்றாவது வாரம் காய்ச்சல் பிடித்தது.

ஒரு டிஸ்பென்சரியில் ஐந்து நாளுக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். குறையவில்லை. இன்னோர் இடத்தில் இன்னொரு அன்டிபயோட்டிக். இருமலோடு உடம்பும் உருகத் தொடங்கியது. எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி காணப்படவில்லை. ஆனாலும் படம் அப்படித்தான் இருக்கின்றது என்று காசநோய் மருந்தை ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் கழித்து, மூச்சு விட முடியாத நிலையில் வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அங்கே முதல் வேலையாக இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஆய்வுகூடத்திலிருந்து வார்ட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. அன்றே மருந்தை மாற்றினார்கள். மாமா பிழைத்துக் கொண்டார்.

அறிக்கையில் இருந்த கிருமியின் பெயரை வீட்டில் எவராலும் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. பேர்க்ஹோல்டேரியா சூடோமல்லேய். அது உண்டாக்கும் நோய்க்கு மெலியோயிடோசிஸ் என்று பெயர். எலிக்காய்ச்சல் தெரியும், டெங்கு தெரியும், காசநோய் தெரியும். இதை அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நான் வைத்தியனல்ல. ஆனால் அன்றிலிருந்து இந்தக் கிருமியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்து வருகின்றேன். வயலும் சீனியும் சேர்ந்திருக்கின்ற எமது ஊர்களில் பலருக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகின்றேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1911 இல் ரங்கூன் பொது வைத்தியசாலையில் நோயியல் நிபுணராக இருந்த அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிரேத பரிசோதனைகளின்போது ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் வீடு வாசலற்றவர்கள், மோர்பின் ஊசிக்கு அடிமையானவர்கள். அவர்களுடைய நுரையீரல் முழுவதும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோயைப் போல இருந்தது, ஆனால் கிருமி வேறு. 1912 இல் இதனை அவர்கள் வெளியிட்டார்கள். மெலியோயிடோசிஸ் என்ற பெயரைப் பின்னர் மலாயாவில் பணியாற்றிய ஸ்டான்டன், பிளெச்சர் என்ற இருவர் வைத்தனர். 1927 இலேயே இலங்கையில் ஒரு நோயாளி பதிவாகிவிட்டார். அவர் இங்கு வசித்த ஓர் ஐரோப்பியர். அதன்பின் பல தசாப்தங்களுக்கு இந்நாட்டில் இந்நோயைப் பற்றிய பேச்சு மிகச் சொற்பம். கடந்த இருபது ஆண்டுகளுக்குள், நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்கள் இதனைக் குறிவைத்துத் தேடத் தொடங்கிய பின்னர்தான், நாட்டின் பல பகுதிகளிலும் நூற்றுக்கணக்கானோருக்கு இது இருப்பது உறுதியானது. கிருமி எப்போதும் எமது மண்ணில்தான் இருந்திருக்க வேண்டும். தேடத் தொடங்கியதுதான் பிந்தியது.

உலகளவிலும் இதே கதைதான். 2016 இல் வெளியான ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 165,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் அவர்களில் 89,000 பேர் மரணிப்பதாகவும் கணக்கிட்டது. கணித மாதிரியின் மூலம் கண்ட எண்கள்தான் இவை. ஆனாலும் பெயரே தெரியாத ஒரு நோய்க்கு இந்த எண்கள் சிறியவையல்ல.

இந்தக் கிருமியின் சொந்த வீடு மனித உடலல்ல, ஈரமண். வெயில் காலத்தில் நிலத்தின் கீழடுக்கில் கிடக்கும். மழை பெய்து நீர்மட்டம் உயரும்போது மேலே வரும். காலில் உள்ள வெடிப்பு, கையில் உள்ள கீறல், சேறு கலந்த குடிநீர் ஆகியவை அதற்கு வாசல்கள். இன்னொரு வாசல் மூக்கு. காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது மண்ணிலிருந்து கிளம்பும் நுண்ணிய நீர்த்துளிகளோடு அது சுவாசத்துக்குள் போய்விடும். அவுஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டார்வின் நகர ஆய்வாளர்கள் இதனை விரிவாகக் கவனித்திருக்கின்றார்கள். நோயாளி வைத்தியசாலைக்கு வருவதற்கு முந்திய 14 நாட்களில் கடுமழை பெய்திருந்தால், அவருக்கு நியூமோனியா வருவதற்கும் நோய் கடுமையாவதற்கும் வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். 2004 ஆழிப்பேரலையில் சேற்றுநீரை விழுங்கி உயிர்தப்பிய சிலருக்கும் தாய்லாந்தில் இந்த நியூமோனியா வந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியைக் கண்டு ஒதுங்கவோ பயப்படவோ தேவையில்லை.

எப்படி உள்ளே போனாலும், நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது நுரையீரலைத்தான் பிடிக்கின்றது. அங்கே என்ன நடக்கின்றது என்பதில்தான் ஆய்வுகூடங்களின் உழைப்பு பெரும்பாலும் செலவாகியிருக்கின்றது.

நுரையீரலின் அடியாழத்தில் கோடிக்கணக்கான சிறு காற்றுப்பைகள் உள்ளன. ஒவ்வொரு மூச்சோடும் தூசும் கிருமியும் உள்ளே வருவதால் அங்கே எப்போதும் காவல் உண்டு. விழுங்கும் கலங்கள் என்று சொல்லத்தக்க பெரிய வெண்கலங்கள் அந்தப் பைகளின் சுவரில் ஊர்ந்து திரிந்து, அகப்பட்டதை விழுங்கிச் செரித்துவிடும். கிருமி ஒன்றைக் கண்டால் இரசாயனச் செய்திகளை இரத்தத்துக்குள் விடும். அந்தச் செய்தியைக் கேட்டு நியூட்ரோபில் எனப்படும் வேறொரு வகை வெண்கலங்கள் படையாக வந்து சேரும். சாதாரணக் கிருமியென்றால் பெரும்பாலும் இத்தோடு விடயம் முடிந்துவிடும்.

இந்தச் சேற்றுக் கிருமி விழுங்கப்படுவதை விரும்புகின்றதோ என்று நினைக்கத் தோன்றும். விழுங்கும் கலம் அதனை ஒரு சிறு பைக்குள் அடைத்து, அமிலத்தையும் நொதியங்களையும் பாய்ச்சிக் கொல்ல முயலும். அது நடப்பதற்குள் கிருமி தன்னிடமுள்ள ஊசி போன்ற ஒரு கருவியால் அந்தப் பையைக் கிழித்துக்கொண்டு கலத்தின் நடுப்பகுதிக்குள் தப்பிவிடுகின்றது. பிறகு, கலத்துக்கு வடிவம் கொடுக்கின்ற அக்டின் என்ற புரதத்தைத் திருடித் தனக்கு ஒரு வாலாகக் கட்டிக்கொள்கின்றது. அந்த வால் தள்ளத் தள்ள அது கலத்துக்குள் நீந்தும். நுணுக்குக்காட்டியின் கீழ் எடுத்த படங்களில் இந்த வால்கள் எரிநட்சத்திரத்தின் வாலைப் போலத் தெரியும்.

இதுவரை சொன்னவற்றை வேறு சில கிருமிகளும் செய்யும். அடுத்ததுதான் விசித்திரம். பக்கத்துக் கலத்தின் சுவரை முட்டி, இரண்டு கலங்களின் சுவர்களையும் ஒன்றாக உருக்கி இணைத்துவிடுகின்றது. இப்படி ஒன்றோடொன்று இணைந்து, பல கருக்களைக் கொண்ட ஓர் இராட்சதக் கலம் உருவாகின்றது. வீட்டுக்கு வீடு போக வீதிக்கு வருவதில்லை, இடைச்சுவரையே உடைத்துவிடுகின்றது. இதன் விளைவு பாரதூரமானது. எமது உடல் தயாரிக்கும் பிறபொருளெதிரிகள் இரத்தத்திலும் கலங்களுக்கு வெளியேயுள்ள பாய்மத்திலும்தான் காவல் செய்பவை. வெளியே தலைகாட்டாமலேயே பரவும் கிருமியை அவை எப்படிப் பிடிக்கும்? இந்நோய்க்கு இன்னும் ஒரு தடுப்பூசி பாவனைக்கு வராமல் இருப்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

உள்ளே ஒளிந்திருக்கும் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிறைபிடிக்கப்பட்டுத் தென்கிழக்காசியாவில் இருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரிடையேயும் ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டதால், இதனை ஒரு நேரக்குண்டு என்று அந்நாளில் அழைத்தார்கள். இப்படி நீண்டகாலம் உறங்குவது அரிதுதான். பெரும்பாலோருக்குக் கிருமி உட்புகுந்து சில நாட்களில் அல்லது சில வாரங்களில் காய்ச்சல் வந்துவிடும்.

அப்படியானால் சேற்றில் நிற்கும் எல்லோருக்கும் இது வர வேண்டுமே? வருவதில்லை. இக்கிருமி உள்ள நாடுகளில் நலமாயிருக்கும் விவசாயிகள் பலரின் இரத்தத்தில் இதற்கெதிரான பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. அதாவது, கிருமி வந்திருக்கின்றது, உடல் அதனைச் சமாளித்துவிட்டது. ஒரே வயல், ஒரே சேறு, ஒருவர் மட்டும் ஏன் வார்ட்டுக்குப் போகின்றார் என்பதுதான் கேள்வி.

ஆய்வுகூடத்தில் இதற்கு முதல் விடையைச் சுண்டெலிகள் தந்தன. பால்ப்-சி என்ற இனச் சுண்டெலிகள் மிகச் சொற்பக் கிருமிகளுக்கே சில நாட்களில் இறந்துவிடும். சி57 பிளாக் 6 என்ற இனம் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், தொற்று நாட்பட்டதாக மாறும். கிருமி ஒன்றுதான். வித்தியாசம் அது போய்ச் சேர்ந்த உடம்பில். 1990 களின் இறுதியில் நடந்த இன்னொரு பரிசோதனை எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. காமா இன்டர்பெரோன் என்பது விழுங்கும் கலங்களை உசுப்பிவிடும் ஓர் இரசாயனச் செய்தி. தாக்குப்பிடிக்கும் சுண்டெலிகளில் பாதியைக் கொல்வதற்கு 5 இலட்சத்துக்கும் அதிகமான கிருமிகள் தேவைப்பட்டன. அந்த ஒரே ஒரு செய்தியை மருந்தால் முடக்கிய பின்னர் ஏறத்தாழ 2 கிருமிகளே போதுமானதாக இருந்தன. ஐந்து இலட்சத்துக்கும் இரண்டுக்கும் இடையில் நின்றது ஒரேயொரு மூலக்கூறு!

நியூட்ரோபில்களை முன்கூட்டியே அகற்றிவிட்ட சுண்டெலிகளிலும் நோய் மோசமானது. இவையெல்லாம் சேர்ந்து சொல்வது, முதல் சில மணித்தியாலங்கள் முக்கியம் என்பதையே. பிறபொருளெதிரி உருவாக நாட்கள் எடுக்கும். அதற்கு முன்னரே, உடலோடு பிறந்த முதற்கட்டக் காவல் விரைந்து வந்து கிருமியை அடக்க வேண்டும்.

இங்கேதான் சீனி வருத்தம் வருகின்றது. தாய்லாந்தின் வடகிழக்கிலும் டார்வினிலும் இந்நோயாளிகளில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். சிறுநீரக நோய், அளவுக்கு மீறிய மதுப் பாவனை, தலசீமியா ஆகியனவும் பட்டியலில் உண்டு. ஆனால் முதலிடம் நீரிழிவுக்குத்தான். தாய்லாந்து ஆய்வாளர்கள் நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்திலிருந்து நியூட்ரோபில்களைப் பிரித்தெடுத்து, நீரிழிவு இல்லாதவர்களுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீரிழிவாளர்களின் நியூட்ரோபில்கள் செய்தியைக் கேட்டு நகர்வதில் பிந்தின. வந்து சேர்ந்த பின்னரும் இந்தக் கிருமியைக் குறைவாகவே விழுங்கின. படை இருக்கின்றது, எண்ணிக்கையும் குறைவில்லை, வேகம்தான் இல்லை. ஆனால் மேலே சொன்னதுபோல இக்கிருமியின் விடயத்தில் வேகம்தானே எல்லாம்.

இன்னொரு கவனிப்பும் இதனோடு ஒத்துப்போகின்றது. எச்.ஐ.வி தொற்று காசநோயை எவ்வளவு பெருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் மெலியோயிடோசிஸுக்கு எச்.ஐ.வி ஒரு பெரிய காரணியாகக் காணப்படவில்லை. எச்.ஐ.வி அழிப்பது நிர்ப்பீடனத்தின் பிந்திய, பயிற்றப்பட்ட படையை. சீனி மந்தமாக்குவது முந்திய படையை. எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நோய்கள், உடலின் வேறு வேறு பலவீனங்களைப் பயன்படுத்துகின்றன.

அப்படியென்றால் நோயாளிக்கு நியூட்ரோபில்களைப் பெருக்கும் ஊசியைப் போட்டால் சரியாகிவிடும் அல்லவா? அந்த யோசனையும் ஆய்வாளர்களுக்கு வந்தது. அப்படியொரு மருந்து ஏற்கனவே புற்றுநோய் சிகிச்சையில் பாவனையில் உண்டு. டார்வின் வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதனைக் கொடுக்கத் தொடங்கிய பின்னர் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தாய்லாந்தின் உபோன் ராச்சத்தானி நகரில், சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் திரவமும் கொடுத்து முறையாகப் பரிசோதித்தபோது, உயிர் காப்பதில் நம்பத்தகுந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. டார்வினில் உயிர்களைக் காத்தது அந்த ஊசியா, அதே காலத்தில் மேம்பட்ட தீவிர சிகிச்சையா என்ற கேள்வி எஞ்சியது. ஒரு வைத்தியசாலையின் நல்ல அனுபவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வட்சப்பில் சுற்றும் மருந்துக் குறிப்புகளை நம்புகின்றவர்கள் இந்த ஒரு பந்தியையாவது இரண்டாம் தரம் வாசிக்கலாம்.

நிர்ப்பீடனத்தைப் பற்றி எமக்குள்ள பொதுவான எண்ணம், அது எவ்வளவு கூடினாலும் நல்லது என்பதே. கடைகளில் விற்கும் சத்துமா டின்களும் அதைத்தான் சொல்கின்றன. நுரையீரல் ஆய்வுகள் அதனையும் கேள்விக்குள்ளாக்குகின்றன. கிருமியை அடையாளம் காண்பதற்குக் கலங்களின் மேற்பரப்பில் சில உணரிகள் உள்ளன. அவற்றில் இரண்டாம் இலக்க உணரி இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் இந்நோயில் மோசமாக இறக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடந்தது மறுதலை. அவை கூடுதலாக உயிர்தப்பின, நுரையீரல் சேதமும் குறைந்தது. மனிதரிலும் இதற்கு ஒத்த ஒன்று உண்டு. ஐந்தாம் இலக்க உணரியின் பரம்பரையலகில் ஒரு குறைபாட்டோடு பிறந்த தாய்லாந்து நோயாளிகள், குறைபாடு இல்லாதவர்களைவிட நன்றாகப் பிழைத்தார்கள்.

காரணம் இதுதான். காற்றுப்பையின் சுவர் மிக மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம், நடுவில் ஒரு மெல்லிய படலம் மாத்திரம். படை வந்து இறங்கி நச்சுப் பொருள்களை வீசிச் சண்டையிடும்போது அந்தப் படலம் கிழிந்து, பைகளுக்குள் நீர் நிறைந்துவிடுகின்றது. நியூமோனியாவில் மூச்சுத் திணறுவதற்குக் கிருமி ஒரு பாதிக் காரணம் என்றால், அதனை விரட்ட உடல் நடத்தும் சண்டை மறுபாதி. ஆரம்பத்தில் மந்தமாக இருந்து கிருமியைப் பெருகவிட்டு, பிறகு அளவுமீறிக் கொந்தளிப்பதுதான் மிக மோசமான சேர்க்கை.

இந்த இடத்தில் ஓர் ஆச்சரியமான கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். 2011 இல் வெளியான ஓர் ஆய்வு தாய்லாந்தின் 1160 மெலியோயிடோசிஸ் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. நீரிழிவுக்காகக் கிளிபென்கிளமைட் என்ற பழைய குளிசையை ஏற்கனவே குடித்து வந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அந்தக் குளிசை வெண்கலங்களின் கொந்தளிப்பைத் தணிக்கின்றது என்பதற்கும் அதே ஆய்வில் சான்று கிடைத்தது. இதை வாசித்துவிட்டு எவரும் தமது குளிசையை மாற்றிவிட வேண்டாம். அது இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியது, இந்நோய்க்கான சிகிச்சையாக ஏற்றுக்கொள்ளப்பட்டதுமல்ல. ஆய்வாளர்களுக்கு அது ஒரு வழியைக் காட்டியிருக்கின்றது, அவ்வளவுதான்.

இத்தனை நுட்பமான ஆய்வுகள் இருந்தும், ஒரு கிராமத்து நோயாளியின் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மிகப் பழைய ஒரு வேலைதான்: கிருமியை ஒரு தட்டில் வளர்த்துப் பார்ப்பது. இரத்தம், சளி, சிறுநீர், சீழ் ஆகியவற்றை ஊட்டப்பொருள் மீது தடவி வைத்தால் இக்கிருமி வளரும். ஆனால் மெதுவாக வளரும். சளியில் ஏனைய கிருமிகள் அதனை முந்திக்கொண்டு தட்டை நிரப்பிவிடும். இதற்காக ஆஷ்டவுன் என்ற அவுஸ்திரேலியர் 1979 இல் ஒரு விசேட ஊட்டப்பொருளை உருவாக்கினார். அதில் ஜென்டமைசின் என்ற அன்டிபயோட்டிக்கைக் கலந்திருப்பார்கள். மற்றக் கிருமிகள் பல அதில் சாகும். சேற்றுக் கிருமி அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. சில நாட்களில் ஊதா நிறத்தில் சுருங்கிய காய்ந்த பூவைப் போல அது படர்ந்து நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், இதனைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அது சாதாரண சூழல் கிருமியாகத் தெரியும். மாதிரியில் வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்று ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. இதற்கு ஓர் எளிய துப்பு இருக்கின்றது. ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், ஒக்மென்டின் என்று எமக்குத் தெரிந்த கோஅமொக்சிகிளேவுக்கு அடங்கும் கிருமி தட்டில் இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். அந்தத் துப்பைக் கவனிக்கும் ஒரு தொழில்நுட்பவியலாளர் இருக்கும் ஆய்வுகூடமும், அவர் இல்லாத ஆய்வுகூடமும் நோயாளிக்கு ஒன்றல்ல. மாமாவின் விடயத்தில் தொலைபேசியை எடுத்தவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மருந்தின் விடயத்திலும் பெயர் தெரிவது அவசியம். சாதாரண நியூமோனியாவுக்குக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகள் இதனைத் தொடுவதில்லை. உபோன் ராச்சத்தானியில் நடந்து 1989 இல் வெளியான ஒரு பரிசோதனையில், கடும் நோயாளிகளின் இறப்பு வீதத்தை செப்டசிடிம் என்ற ஊசிமருந்து 74 இலிருந்து 37 ஆகப் பாதியாக்கியது. இன்றும் அதுவோ மெரோபெனமோதான் நாளத்தின் வழியாகக் குறைந்தது 10 தொடக்கம் 14 நாட்களுக்குக் கொடுக்கப்படுகின்றது. அதன்பின் கோட்ரிமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம். கலங்களுக்குள் ஒளிந்திருக்கும் மிச்சத்தை அழிக்கத்தான் இந்த நீண்ட காலம். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். ஒரு மாதத்தில் மாமாவுக்குப் பசி திரும்பியது, நடந்து பள்ளிக்குப் போகவும் தொடங்கினார், குளிசையை நிறுத்தலாம் என்றார். மாமிதான் விடவில்லை.

பெயர் தெரிந்து, காலத்தோடு மருந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு டார்வின் சாட்சி. 1989 முதல் 30 ஆண்டுகளில் அங்கே 1148 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 31 பேர் இறந்தனர். கடைசி ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 6 பேர். இதற்கிடையில் அதிசய மருந்தெதுவும் வரவில்லை. முன்கூட்டியே சந்தேகிப்பது, ஆய்வுகூடம் விரைவாக அடையாளம் காண்பது, சரியான ஊசியைத் தாமதமின்றி ஆரம்பிப்பது, நல்ல தீவிர சிகிச்சை. இவ்வளவும்தான்.

எமது நாட்டில் பெரிய வைத்தியசாலைகளின் நுண்ணுயிரியல் நிபுணர்களுக்கு இந்நோய் இப்போது நன்கு தெரியும். இடைவெளி இருப்பது அதற்கு முந்திய படிகளில். காய்ச்சல்காரர் முதலில் போவது டிஸ்பென்சரிக்கு. அங்கே வளர்ப்புச் சோதனை கிடையாது. இரண்டு சுற்று அன்டிபயோட்டிக் உள்ளே போன பின்னர் இரத்தம் எடுத்தால், பாதி மயங்கிய கிருமி தட்டில் வளராமலும் போகலாம். சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ வயலுக்குப் போகும் ஒருவருக்கு மாரியில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சல் முதலில் நினைவுக்கு வருவது நியாயம். அது கூடுதலாக வருவது, விரைவாகக் கொல்லக்கூடியதும்கூட. ஆனால் அவருக்குச் சீனியும் இருந்து, காய்ச்சல் ஐந்தாறு நாளில் தணியாமல், இருமலோ கட்டியோ சேர்ந்திருந்தால், இரண்டாவது பெயர் ஒன்றும் நினைவுக்கு வர வேண்டும். எலிக்காய்ச்சலுக்காகச் சுகாதாரப் பரிசோதகர்கள் கொடுக்கும் டொக்சிசைக்கிளின், இந்நோயைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லி வைக்கின்றேன்.

வைத்தியரிடம் போகும்போது "நான் வயல் வேலை செய்பவன், எனக்குச் சீனி இருக்கின்றது" என்ற இரண்டையும் நாமாகவே சொல்லிவிடுவது நல்லது. பல இடங்களில் கூட்டம் அதிகம், அவர் கேட்க நேரமிருக்காது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பின்னரும் காசநோய் மருந்து என்றால், "இரத்தமும் சளியும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்டதா, மெலியோயிடோசிஸ் பார்த்தார்களா" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார். சீனி உள்ளவர்கள் சேற்றில் இறங்கும்போது முழங்கால் வரை பூட்ஸ் போடுவது, காலில் புண்ணிருந்தால் ஆறும் வரை வயலுக்குப் போகாதிருப்பது, கொட்டும் மழையிலும் சூறைக்காற்றிலும் வெளியில் நிற்காதிருப்பது ஆகியவற்றைத் தாய்லாந்திலும் டார்வினிலும் அறிவுறுத்துகின்றார்கள். பூட்ஸோடு சேற்றில் நடப்பது எவ்வளவு சிரமம் என்பது வயலுக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்பவர்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. பூட்ஸ் முடியாவிட்டாலும், கிளினிக் குளிசையை ஒழுங்காகக் குடித்துச் சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது முடியாத காரியமல்ல.

மாமா இன்னும் வயலுக்குப் போகின்றார். பூட்ஸ் ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம், உழவுக்கு மட்டும் போடுகின்றார். கிளினிக் கொப்பிக்குள் அந்த ஆய்வுகூட அறிக்கையின் போட்டோப் பிரதியொன்றை மடித்து வைத்திருக்கின்றார். மடிப்பில் கிழிந்துபோனதால் போன மாதம் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தேன்.